மாற்றி எழுதிய பட்டயம்

2021 ஜனவரியில் அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் வாக்குகளை எண்ணி முடித்தபோது முன்னாள் பந்துவீச்சாளர் கர்ட் ஷில்லிங்குக்கு 16 ஓட்டு குறைந்தது. பதிவான 401 வாக்குச்சீட்டுகளில் 285-இல் அவர் பெயர் இருந்தது, அதாவது 71.1 சதவீதம். நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் இருக்கும் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ என்ற புகழரங்கில் வெண்கலப் பட்டயம் ஏற 75 சதவீதம் வேண்டும். அந்த ஆண்டு ஒருவரும் தேறவில்லை.

ஆட்டத்தை வைத்துப் பார்த்தால் ஷில்லிங்கைத் தள்ளுவது கடினம். 3,116 பேரை ‘ஸ்டிரைக் அவுட்’ செய்தவர். வேர்ல்டு சீரிஸ் வென்ற மூன்று அணிகளில் இருந்தவர். 2004-இல் கணுக்காலில் தையலோடு, காலுறையில் இரத்தம் கசிய பாஸ்டனுக்காக அவர் பந்து வீசியதை ரசிகர்கள் இன்றும் சொல்கிறார்கள். அவரை வாசலில் நிறுத்தியது அவருடைய வாய்தான். மாற்றுப் பாலினத்தவரை இழிவுபடுத்தும் பதிவைப் பகிர்ந்ததற்காக 2016-இல் இஎஸ்பிஎன் விளையாட்டுத் தொலைக்காட்சி அவரை வேலையை விட்டு நீக்கியது. அதே ஆண்டு, பத்திரிகையாளர்களைத் தூக்கில் தொங்கவிடச் சொல்லும் டி-ஷர்ட் வாசகம் ஒன்றை ட்விட்டரில் மெச்சினார். ஓட்டுப் போடுபவர்களோ பத்திரிகையாளர்கள்.

தன் தொழிலைச் சேர்ந்தவர்களையே தூக்கில் போடச் சொன்னதை ரசித்தவருக்கு ஓட்டு மறுத்த நிருபரைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் அடிபட்டவரே நீதிபதி நாற்காலியிலும் உட்கார்ந்தால், தீர்ப்பு நியாயமானதாகவே இருந்தாலும் பார்ப்பவருக்குச் சந்தேகம் தட்டும்.

குணத்தைப் பார்க்கும் உரிமையை அந்த எழுத்தாளர்கள் தாங்களாக எடுத்துக்கொள்ளவில்லை. சாதனை, ஆட்டத்திறன், அணிக்குச் செய்த பங்களிப்பு ஆகியவற்றோடு நேர்மை, விளையாட்டுப் பண்பு, நடத்தை ஆகியவற்றையும் எடைபோட வேண்டும் என்று தேர்வு விதியே சொல்கிறது. 1940-களின் மத்தியில் வந்த இந்த விதிக்குக் காரணமானவராகச் சொல்லப்படுபவர் அன்றைய பேஸ்பால் ஆணையர் கென்னசா மவுண்டன் லாண்டிஸ். அவர் பதவியில் இருந்த காலம் முழுவதும் மேஜர் லீக்கில் ஒரு கறுப்பினத்தவர்கூடக் களமிறங்கவில்லை. 1944-இல் அவர் இறந்த சில வாரங்களில் அவருக்கும் புகழரங்கில் இடம் கொடுத்தார்கள். மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதுப் பட்டயத்திலிருந்து அவர் பெயரை எடுக்க எழுத்தாளர்கள் ஓட்டுப் போட்டது 2020-இல்தான்.

இந்தக் கோணல் லாண்டிஸோடு முடியவில்லை. 762 ஹோம் ரன் அடித்த பாரி பாண்ட்ஸ், ஊக்கமருந்துப் புகாரின் நிழலால் பத்து ஆண்டுகள் வாக்குச்சீட்டில் இருந்தும், 2022-இல் 66 சதவீதத்தோடு நின்றுவிட்டார். ஊக்கமருந்து தலைவிரித்தாடிய அதே காலத்தில் ஆணையராக இருந்த பட் செலிக் 2017-இல் பட்டயம் பெற்றார். ஆடியவனுக்கு ஒரு தராசு, ஆட்டத்தை நடத்தியவனுக்கு இன்னொரு தராசு. குண விதியின் மேல் ரசிகர்களுக்கு நம்பிக்கை போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

பீட் ரோஸ் கதை வேறு. 4,256 ஹிட் என்ற அவருடைய கணக்கை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. ஆனால் மேனேஜராக இருந்தபடியே தன் சொந்த அணியின் ஆட்டங்களில் பந்தயம் கட்டினார். 1989-இல் ஆயுள் தடை விழுந்தது; அதனால் புகழரங்கக் கதவும் பின்னர் மூடியது. பதினைந்து ஆண்டு மறுத்துவிட்டு 2004-இல் ஒப்புக்கொண்டார். 2024-இல் அவர் இறந்தபின், மறுவருடமே தடைப் பட்டியலிலிருந்து அவர் பெயரை ஆணையர் எடுத்துவிட்டார். ரோஸ் செய்தது வீட்டுக்குள் நடந்த சொந்த விஷயம் அல்லவே. எந்த ஆட்டத்தில் அந்த ஹிட்களை அடித்தாரோ, அதன் முடிவுகளை ரசிகன் நம்பலாமா என்ற கேள்வியை எழுப்பிய குற்றம் அது. சாவு அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

இத்தனை குளறுபடி இருக்கும்போது எண்களை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாமே என்று பலர் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ராபர்ட்டோ கிளெமென்டேயை என்ன செய்வது?

புவேர்ட்டோ ரிகோவில் பிறந்து பிட்ஸ்பர்க் அணிக்கு ஆடியவர் அவர். 1972 செப்டம்பர் 30 அன்று தன் 3,000-ஆவது ஹிட்டை அடித்தார். டிசம்பரில் நிகரகுவாவின் மனாகுவா நகரை நிலநடுக்கம் சிதைத்தது. அனுப்பிய நிவாரணப் பொருள்கள் மக்கள் கைக்குப் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டு, தானே கூடப் போவதென்று டிசம்பர் 31 இரவு சரக்கு விமானத்தில் ஏறினார். விமானம் கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவில்லை. ஐந்து ஆண்டு காத்திருப்பு விதியைத் தளர்த்தி 1973-இல் அவரைப் புகழரங்கில் சேர்த்தார்கள். சமூகத் தொண்டுக்கான விருதுக்கும் அவர் பெயரை வைத்தார்கள். 2001-இல் அந்த விருதை வாங்கியவர் அதே கர்ட் ஷில்லிங். ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்காக நிதி திரட்டியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

நல்ல குணத்துக்காக விதியைத் தளர்த்திய அரங்கம், கெட்ட குணம் வரும்போது மட்டும் எண்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. குணம் கணக்கில் வரத்தான் வேண்டும். ஆட்டத்தை ஏமாற்றியதும், சக மனிதரை ஆட்டத்தை விட்டே ஒதுக்கியதும் முதலில் வரட்டும். வாக்காளர்களைக் கோபப்படுத்திய பேச்சு அவற்றுக்கு வெகுதூரம் பின்னால் நிற்கட்டும்.

மேஜர் லீக்கின் நிறத்தடையை உடைத்த கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் 1962-இல் வாக்குச்சீட்டில் இருந்தபோது, தன் ஆட்டத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும்படி எழுத்தாளர்களைக் கேட்டுக்கொண்டார். அவருடைய பட்டயமும் அப்படியே வார்க்கப்பட்டது. பேட்டிங், ஃபீல்டிங் கணக்குகள் இருந்தன. நிறத்தடையை உடைத்தது பற்றி ஒரு சொல் இல்லை. 46 ஆண்டுகள் கழித்து, 2008-இல், அதை இறக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினார்கள். அவருடைய சாதனைக் கணக்கு அதிலும் உண்டு. கடைசி வரி அவர் அந்தத் தடையை உடைத்த 1947-ஐப் பற்றியது: கடும் இன்னல்களுக்கு நடுவே அவர் காட்டிய துணிவையும் நிதானத்தையும் அது சொல்கிறது.