டாவ் புரதமும் சில வார வயது நியூரானும்

அத்திப்பள்ளி டோல் பக்கம் பஸ் நின்றுபோன முக்கால் மணி நேரத்தில் ஒரு ஆய்வுக் கட்டுரையை இரண்டாம் முறை படித்து முடித்தேன். சான் பிரான்சிஸ்கோவில் மார்ட்டின் காம்ப்மன் ஆய்வகத்தில் ஆவி சாமெல்சன் முன்னின்று செய்த வேலை. 2023 இல் பயோஆர்கைவில் முன்பதிப்பாக வந்தது. மூளைச் செல்லில் டாவ் புரதம் திரள்வதை எந்த மரபணு கூட்டுகிறது, எது குறைக்கிறது என்பதுதான் கேள்வி.

நம்ம பாஷையில் சொன்னா, ஒவ்வொரு ஃபங்ஷனாக கமென்ட் போட்டு ப்ரோக்ராமை ஓட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு நியூரானிலும் ஒரே ஒரு மரபணுவை அடக்குகிறார்கள். டாவ் அதிகம் உள்ள செல், குறைவாக உள்ள செல் என்று பிரித்து, எதில் எந்த மரபணு அடங்கியிருந்தது என்று படிக்கிறார்கள். ‘ஜீன் எடிட்டிங்’ என்று நாம் பொதுவா சொன்னாலும் இங்கே டிஎன்ஏவில் வெட்டே விழவில்லை. காஸ்9 புரதத்தின் வெட்டும் திறனை எடுத்துவிட்டு, மரபணுவை ஊமையாக்க மட்டும் பயன்படுத்துகிறார்கள்.

சிக்கியது கல்லின்-5. டாவின் மேல் ‘குப்பை’ என்று முத்திரை குத்தி அழிக்க அனுப்பும் அமைப்பின் ஒரு பகுதி இது. அதோடு நிறுத்தாமல், அல்சைமர் நோயாளிகளின் மூளைத் தரவிலும் தேடி, தாக்குப்பிடிக்கும் நியூரான்களோடு கல்லின்-5 அளவுக்குத் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். அந்த நேர்மைக்காகவே கட்டுரை எனக்குப் பிடித்தது.

ஆனாலும் உறுத்துது. கமென்ட் போடும் உத்தியில் ஒரு ஓட்டை உண்டு. ஒரே வேலையை இரண்டு ஃபங்ஷன் செய்தால், ஒன்றை நிறுத்தினாலும் வித்தியாசமே தெரியாது. அதைவிடப் பெரிய சிக்கல் வயது. ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த நியூரானுக்கு வயது சில வாரம்தான். அதில் பெரும்பாலும் கருவில் இருக்கும் சின்ன வகை டாவ்தான் உருவாகும். பெரியவர்கள் மூளையில் ‘3ஆர்’, ‘4ஆர்’ இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கும். எழுபது வயது நோயை இதில் தேடுவது, புது லேப்டாப்பில் பத்து வருஷ சர்வரோட பக்-ஐத் தேடுற மாதிரி.

எங்க பெரியம்மா இப்போ தமிழை மறந்து, சின்ன வயசுத் தெலுங்கில் மட்டும் பேசுறாங்க. என்னை யாரென்று தெலுங்கில்தான் கேட்கிறாங்க. அவங்க செல்லில் கல்லின்-5 எப்படி வேலை செய்யும் என்று அந்தக் கட்டுரை சொல்லாது. பெரிய ஸ்க்ரீனைப் பெரும்பாலும் ஒரே மரபணுப் பின்னணி கொண்ட செல்லில்தான் செய்கிறார்கள்.

ஆனா பதில் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். நம்ம மாவட்டத்தை ஒட்டிய கோலாரில், சீனிவாசபுரா கிராமங்களில் 45 வயதுக்கு மேற்பட்டவர்களை ஐஐஎஸ்சியின் மூளை ஆய்வு மையம் வருஷக்கணக்கில் பின்தொடர்கிறது. இலக்கு 10,000 பேர். பெங்களூரில் நிம்ஹான்ஸ், என்சிபிஎஸ், இன்ஸ்டெம் மூன்றும் சேர்ந்து இந்தியக் குடும்பங்களின் ஸ்டெம் செல்களைச் சேர்த்து வைத்திருக்கின்றன. அல்சைமர் குடும்பங்களும் அதில் உண்டு. ஸ்க்ரீன் முழுதையும் திரும்பச் செய்ய வேண்டாம். அந்தச் செல்களில் சிலவற்றில் கல்லின்-5 ஒன்றை மட்டும் அடக்கி டாவை அளந்தாலே, அது நம்ம ஊர் பெரியம்மாக்களுக்கும் பொருந்துமா என்று பார்க்க ஆரம்பிக்கலாம்.