உள்ளுணர்வும் வழக்கும்: பொருளாராய்ச்சியிற் சான்று பற்றி ஒரு குறிப்பு

சொற்பொருளை ஆராயுமிடத்து, மொழியைப் பேசுவோரின் உள்ளுணர்வைச் சான்றாகக் கொள்வது மேலைத்தேய மொழித் தத்துவவியலார் பலரது வழக்கம். 1970இல் சோல் கிரிப்கி நிகழ்த்திய விரிவுரைகள் இதற்குத் தக்க உதாரணம். கோடெல் நிறுவியதாக அறியப்படும் கணிதத் தேற்றத்தை உண்மையில் ஷ்மிட் என்பவர் நிறுவியிருப்பின், 'கோடெல்' என்னும் பெயர் யாரைக் குறிக்கும்? கோடெலையே குறிக்கும் என்றார் கிரிப்கி. நாம் அவ்வாறே உணர்கிறோம் என்பது அவ்விடையின் முக்கிய ஆதாரம்.

இந்த 'நாம்' யார்? 2004இல் மஷெரியும் சகாக்களும் இத்தகைய வினாவை அமெரிக்க மாணவரிடமும் ஹொங்கொங் மாணவரிடமும் விடுத்தபோது விடைகள் வேறுபட்டன. ஹொங்கொங் மாணவர் பலர், தேற்றத்தை நிறுவியவரையே பெயர் குறிக்கும் என்றனர். இதனால் உள்ளுணர்வுச் சான்று தகர்ந்தது எனச் சிலர் கொண்டனர். ஆயின் இவ்வாய்விலும் இரு குறைகள் உள. ஹொங்கொங் மாணவரிடம் ஆங்கிலத்திலேயே வினவப்பட்டது. அன்றியும், பெயரை அவர்கள் ஆளும் முறை நோக்கப்படவில்லை. பெயரைப் பற்றிய அவர்களது கருத்தே கேட்கப்பட்டது. இதனை 2009இல் மார்த்தி எடுத்துக்காட்டினார். சொல் பொருளையும் உணர்த்தும், தன்னையும் உணர்த்தும் எனப் பகுத்த தொல்காப்பியரைப் பயின்றோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று.

எமது மொழியை நோக்குவோம். 'அம்மா பேசுவா' என்பது யாழ்ப்பாணத்தவர்க்கு ஏசுதலை உணர்த்தும். உரையாடலை அவர் 'கதைத்தல்' என்பர். தமிழ்நாட்டவர் பெரும்பாலும் உரையாடலென்றே கொள்வர். யாழ்ப்பாணப் பேச்சில் வாழும் 'உது' என்னும் சுட்டு தமிழ்நாட்டுப் பேச்சில் வழக்கொழிந்தது. அதன் நுண்பொருளை அங்குள்ளாரிடம் வினவிப் பயனில்லை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, களுபோவில முதலிய இடங்களில் யாழ்ப்பாணத்தவரும் மட்டக்களப்பாரும் மலையகத்தவரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழ்கின்றனர். இவர்களிடையே நின்று 'தமிழரின் உள்ளுணர்வு' என ஒருமையிற் கூறுபவர், தாம் யாரை வினவினார் என்பதையும் கூறக் கடமைப்பட்டவர்.

வழக்கு உயர்ந்தோரைச் சார்ந்தது என மரபியல் வரையறுத்தது. கற்றவர் ஒருவர் தம்மையே வினவித் தாமே விடைகூறும் முறை அதனினும் ஒடுங்கியது. தோட்டத் தொழிலாளியின் சொல்லாட்சியை இலக்கணகாரர் கொச்சையென ஒதுக்கினர். தத்துவவியலார் அதனைப் பிழைபட்ட உள்ளுணர்வென ஒதுக்கலாம். பெயர் மாறினும் விளைவு ஒன்றே.

உள்ளுணர்வைக் கைவிடவேண்டும் என்பது எமது வாதமன்று. அது பேசுபவரது வழக்குக்கு மட்டுமே சான்று. அதுவும் அன்றாடச் சொல்லாட்சியோடு ஒப்புநோக்கிய பின்னரே கொள்ளத்தக்கது. தமிழிற் பொருளாராய்ச்சி இவ்வடிப்படையிலேயே வளர்தல் வேண்டும்.