'கருக்கு': தலைப்பை எப்போது விளக்குவது?

தன்வரலாறு என்றால் தலைப்பிலேயே 'என்', 'நான்' என்று வருவதைப் பார்க்கிறோம். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' அப்படித்தான். 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' ஒரே சொல். அதில் ஆள் இல்லை. கதை சொல்பவருக்கும் நூலுக்குள் பெயர் கிடையாது. ஒருவரின் வாழ்க்கையைத் தேடிப் போகும் வாசகர் முன் ஒரு தெருவே வந்து நிற்கிறது.

கருக்கு என்பது பனைமட்டையின் இரு ஓரங்களிலும் ரம்பம்போல் இருக்கும் கூர்மையான பல். விறகு பொறுக்கும் கையை அது கிழிக்கும். சாதி கீறிய வடுவும், அதைத் திருப்பி அறுக்கும் துணிவும் இந்த ஒரு சொல்லில் இருக்கு. 'கரு' என்ற சொல்லும் அதற்குள்ளேயே இருக்கு: புதிதாகப் பிறக்கப்போகும் ஒன்று.

நம்ம பிள்ளைகளில் பலர் பனைமட்டையைத் தொட்டதே இல்லை. அதற்காக முதல் பாடவேளையிலேயே எல்லாப் பொருளையும் சொல்லிவிட்டால், தலைப்பு வெறும் அகராதிச் சொல்லாகிவிடும். முதலில் மட்டையின் படத்தை மட்டும் காட்டுங்க. ஒரு பகுதியை வாசித்து முடித்தபின் கேளுங்க: இங்கே எது கீறியது? யாரை? தலைப்பின் பொருளைப் பிள்ளைகளே சொல்லட்டும்.