துறைமுகமும் கச்சேரி வாயிலும்: சருவதேசத் தலையீடு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

அமைதி வழியிற் கிளர்ந்தெழும் மக்களை அரசு வன்முறையால் ஒடுக்குமிடத்து உலக நாடுகள் தலையிட்டுக் காக்கும் என்னும் நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியுள்ளது. திருகோணமலையின் வரலாற்றை உரைகல்லாகக் கொண்டு இதனைப் பரிசீலித்தல் தகும்.

தனிச்சிங்களச் சட்டத்தின் அமுலாக்கலை எதிர்த்து 1961 பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணத்தில் தமிழரசுக் கட்சி தொடங்கிய சத்தியாக்கிரகம் திருகோணமலைக் கச்சேரி வாயிலுக்கும் பரவியது. ஏப்ரல் 17இல் அவசரகாலநிலை பிரகடனமாயிற்று, இராணுவம் ஏவப்பட்டது, தலைவர்கள் பனாகொடை முகாமில் தடுத்துவைக்கப்பட்டனர். 1957 வரை இத்துறைமுகத்தில் கடற்படைத் தளம் வைத்திருந்த பிரித்தானியாவோ வேறெந்த வல்லரசோ குறுக்கிடவில்லை. அஃது ‘உள்நாட்டு அலுவல்’ ஆயிற்று.

அறவழி தோற்று, முரண்பாடு போராக முற்றிய பின்னரே தலையீடு வந்தது. 1987 யூலை 29இல் கைச்சாத்தான இந்திய-இலங்கை உடன்படிக்கை, வடக்குக் கிழக்கைத் தமிழ் பேசும் மக்களின் வரலாற்று வாழிடமாக ஏற்றமை மறுத்தற்கில்லை. எனினும் அதனுடன் பரிமாறப்பட்ட கடிதங்களில் திருகோணமலை இடம்பெற்ற முறை கருதத்தக்கது: இந்திய நலனுக்கு ஊறாக எந்நாடும் துறைமுகத்தை இராணுவத் தேவைக்குப் பயன்படுத்தலாகாது, எண்ணெய்க் குதங்கள் கூட்டு முயற்சியாகப் புனரமைக்கப்படும். கச்சேரி வாயிலுக்கு வாராத கவனம் துறைமுகத்துக்கு வந்தது.

2006 சனவரி 2இல் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். இக்கொலை உட்படப் பல சம்பவங்களை ஆராய்ந்த ஆணைக்குழுவை அவதானிக்க, பகவதி தலைமையில் வெளிநாட்டு அறிஞர் குழுவொன்று வந்தது. அரசிடம் மனவுறுதியில்லை எனக்கூறி 2008இல் அது விலகிற்று. 2019 யூலையில் சந்தேகநபர் பதின்மூவரும் போதிய சான்றில்லையென விடுவிக்கப்பட்டனர். சான்றினைப் பேணும் அதிகாரமற்ற அவதானிப்பு வெறும் பார்வையேயாகும்.

இதனால் வெளியார் தலையீடு அனைத்துமே ஏகாதிபத்தியச் சூழ்ச்சி என ஒதுக்குவதும் பொருந்தாது. அவ்வாதம், இறைமையின் பேரால் ஒடுக்குவோருக்கே கேடயமாகும். 2022 மே 9இல் காலிமுகத்திடலில் அமைதியாகப் போராடியோர் ஆளுங்கட்சி ஆதரவாளரால் தாக்கப்பட்டனர். அன்றே பதவி விலகிய பிரதமர் மகிந்த ராசபக்ச அடைக்கலம் புகுந்தது திருகோணமலைக் கடற்படைத் தளத்திலாகும். இறைமை எவருக்கு அரணாயிற்று என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தும்.

ஆகவே நாம் கோரவேண்டியது படையன்று, சாட்சியம். 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 46/1ஆம் தீர்மானம் சான்றுகளைத் திரட்டிப் பேணும் பணியை உயர் ஆணையாளர் அலுவலகத்திடம் ஒப்படைத்தது. திசை சரியானதே, ஆயின் அது காலங்கடந்து வந்தது. மக்கள் வாயிலில் அமர்ந்திருக்கும்போதே சாட்சியும் அங்கிருத்தல் வேண்டும். அதனை வற்புறுத்தும் வலிமை, தமிழ், முஸ்லிம், சிங்கள உழைக்கும் மக்களின் ஒன்றுபட்ட குரலுக்கே உண்டு.