வேடமும் மெய்யன்பும்: இரட்சணிய யாத்திரிகத்தில் போலிப் பக்தி என்னும் சிக்கல்

ஆய்வுச்சுருக்கம்

எச்.ஏ. கிருட்டிணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் ஜான் பனியனின் உருவக நூலைத் தழுவி எழுந்தது. மெய்ப்பக்தியையும் வெறும் ஆசாரத்தையும் வேறுபடுத்தும் பனியனின் முறை, வேடம் பற்றிய தமிழ் மரபின் சிந்தனையோடு எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தாமல் நிற்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இரட்சணிய யாத்திரிகம், பனியன், வேடம், ஆசாரம், திருமாலை, பெரியபுராணம்

முன்னுரை

நற்போதகம் இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்து, 1894இல் நூலாக வெளியான இரட்சணிய யாத்திரிகம் ஐந்து பருவங்களில் 3,766 பாடல்களைக் கொண்டது. கிருட்டிணபிள்ளைக்குக் 'கிறிஸ்தவக் கம்பர்' என்னும் பெயர் நிலைத்துவிட்டதால், நூலைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி கம்பனின் சொல்லாட்சி, உவமை, வருணனை ஆகியவற்றின் சாயலைத் தேடுவதிலேயே செலவாகிவிட்டது. அந்தத் தேடல் பயனற்றதன்று. ஆயினும் மூலநூலின் கூர்மையான கேள்வி அதில் மறைந்துபோனது. ஒரே பாதையில், ஒரே நகரை நோக்கி, ஒரே சொற்களைச் சொல்லிக்கொண்டு நடப்பவருள் மெய்யானவர் யார் என்பதே அக்கேள்வி.

மதிலேறிக் குதித்தவர்கள்

பனியன் 1678இல் வெளியிட்ட நூலின் முதற்பகுதியில் பயணிக்கு எதிரிகளாக வரும் அரக்கர்களை வாசகர் எளிதில் மறப்பதில்லை. ஆயினும் அவர்களைவிட ஆபத்தானவர் உடன் நடப்பவர்கள். ஆசாரவாதியும் மாயக்காரனும் இடுக்கமான வாசல் வழியாக வராமல் மதிலேறிக் குதித்துப் பாதையில் சேர்கின்றனர். கேட்டால், ஆயிரம் ஆண்டுக்கும் மேலான வழக்கம் என்று விடை சொல்கின்றனர். பாதைக்குள் வந்துவிட்டோம், எப்படி வந்தால் என்ன என்பது அவர்கள் வாதம். வாயாடி ஒருவன் எந்தச் சமயப் பொருளைப் பற்றியும் இனிக்க இனிக்கப் பேசுகிறான். அவன் வீட்டை அறிந்தவருக்கு மட்டுமே அங்கே செபமும் இல்லை, மனமாற்றமும் இல்லை என்பது தெரியும். ஆதாயம் தேடுபவன் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எதிராக ஒருபோதும் செல்வதில்லை. சமயம் வெள்ளிப் பாதரட்சை அணிந்து வெயிலில் உலவும்போது அதனோடு கைகோத்து நடக்கிறான்.

இவர்களுள் மிகத் துயரமானவன் அறிவீனன். அவன் கெட்டவன் அல்லன். செபிக்கிறான், நோன்பிருக்கிறான், தசமபாகம் கொடுக்கிறான், கடன்களைத் தீர்க்கிறான். ஆற்றையும் பிறரைவிட எளிதாகக் கடந்து வான்நகரின் வாசல்வரை வந்துவிடுகிறான். அங்கே சான்றுச்சீட்டைக் கேட்கும்போது அவன் மடியில் ஒன்றுமில்லை. கைகால் கட்டப்பட்டு மலைச்சரிவின் வாயிலில் தள்ளப்படுகிறான். கனவு முடிவதற்கு முன் பனியன் காட்டும் கடைசிக் காட்சி இதுவே. மீட்பின் மகிழ்ச்சியோடு முடித்திருக்கக்கூடிய ஒரு நூலை அவர் இவ்வாறு முடித்ததற்கு அவரது வாழ்வே காரணம். அரசுத் திருச்சபைக்கு வெளியே பிரசங்கித்ததற்காக 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபர்டு சிறையில் இருந்தவர் அவர். அச்சிட்ட செபங்களை வாசிப்பது செபமாகாது என்று வாதிட்டு ஒரு நூலே எழுதினார். 1666இல் வெளியான தன்வரலாற்றில், குருவின் அங்கியையும் ஆலயப் பொருள்களையும் கண்டாலே வணங்கி நின்ற இளமைக்காலத்தை ஒரு நோய்போல் விவரிக்கிறார். ஆசாரவாதி அவருக்கு வெளியே மட்டும் இருந்தவன் அல்லன்.

திருநெல்வேலியில் இக்கேள்வி

இந்நூல் கிருட்டிணபிள்ளையின் கைக்கு வந்தபோது சூழல் முற்றிலும் மாறியிருந்தது. 1827இல் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராகி, 1858இல் ஞானஸ்நானம் பெற்ற அவர் சேர்ந்தது, பனியனைச் சிறையிலடைத்த அதே ஆங்கிலத் திருச்சபையின் மரபு. பனியன் வெறுத்த பொது ஜெபப் புத்தகம் தமிழாக்கப்பட்டு அந்த ஆலயங்களில் வாசிக்கப்பட்டுவந்தது. இம்முரணைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. பனியனின் நூல் அதற்கு வெகுகாலம் முன்பே எல்லாச் சபையினருக்கும் பொதுச்சொத்தாகிவிட்டது.

பெரிதுபடுத்த வேண்டியது வேறொன்று. 1876–78 பஞ்சத்தின்போது திருநெல்வேலிச் சபைகளில் மக்கள் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்தனர். சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்னும் ஏளனம் ஒருபுறமும், நோக்கம் கலப்புடையதாயிருத்தல் தொடக்கத்தில் இயல்பே என்னும் கருத்து மறுபுறமும் இருந்தன. பின்னதைக் கால்டுவெல் பஞ்சத்துக்கு முன்பே, 1857இல் வெளியான தம் திருநெல்வேலி மிஷன் சொற்பொழிவுகளில் முன்வைத்திருந்தார். ஞானஸ்நானம் பெற வருபவரிடம் விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய செபம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றை மனப்பாடமாகக் கேட்டனர். மனத்தைச் சோதிக்க வேறு கருவி இல்லாததால் நாவைச் சோதித்தனர். வாயாடி இத்தேர்வில் முதல் மாணவனாகத் தேறுவான். பஞ்சத்தை அடுத்த ஆண்டுகளில் தொடராக வந்த காப்பியத்தில், ஆதாயம் நோக்கிய பக்தி எள்ளலுக்குரிய பாத்திரமாக மட்டும் இருந்திருக்க இயலாது. வாசகரின் பக்கத்துப் பாயில் முழந்தாளிட்டவரைப் பற்றிய ஐயமாகவும், ஒருவேளை வாசகரைப் பற்றிய ஐயமாகவும் அது இருந்திருக்கும்.

மாயம், வேடம், கோலம்

இவ்வையத்தைச் சொல்லத் தமிழில் இருந்த சொற்கள் கவனத்திற்குரியவை. பரிசேயரை இயேசு கண்டிக்கும் இடத்தில் வரும் கிரேக்கச் சொல் மேடை நடிகனைக் குறித்தது. பழைய தமிழ் வேதாகமம் அதனை 'மாயக்காரர்' என்றும், 1995இல் வெளியான திருவிவிலியம் 'வெளிவேடக்காரர்' என்றும் பெயர்த்தன. பிந்தைய சொல் மூலத்துக்கு நெருக்கமானது. ஆனால் 'வேடம்' என்பது தமிழ்ச் சமய மரபில் எளிதாக இழிபொருள் பெறும் சொல்லன்று.

வள்ளுவர் இவ்வகையில் பனியனுக்குப் பக்கத்தில் நிற்கிறார். கூடாவொழுக்க அதிகாரத்தில் புலித்தோல் போர்த்து மேயும் பசுவும், புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேடனும் தவவேடத்தாருக்கு உவமைகள். சேக்கிழாரோ நேரெதிர்த் திசையில் செல்கிறார். முத்தநாதன் திருநீறு பூசி, ஏட்டுக்கட்டினுள் படைக்கலத்தை மறைத்து வந்து குத்துகிறான். மெய்ப்பொருள் நாயனார் வீழும்போதும் அவ்வேடத்துக்குத் தீங்கு நேராமல் அவனை ஊர் எல்லை கடத்திவிடச் சொல்கிறார். அணிந்தவனின் பொய், அடையாளத்தின் மெய்ம்மையைக் கெடுப்பதில்லை. இதைப் புறச்சடங்குப் பற்று என்று ஒதுக்குவது மேலோட்டமான வாசிப்பு. வேடத்தை வணங்குபவரின் உள்ளமே அங்கே சோதிக்கப்படுகிறது. அந்தச் சோதனையில் அவர் உயிர் கொடுத்து வெல்கிறார். பனியனிடமும் அடையாளங்கள் இல்லாமலில்லை. நெற்றிக்குறி, அங்கி, சுருள் மூன்றும் பயணிக்குச் சிலுவையருகே கிடைக்கின்றன. அங்கியைச் சுட்டி ஏளனம் செய்யும் ஆசாரவாதிக்கு அவை ஆண்டவர் தந்தவை என்பதே விடை. நாமம் தரித்த குடும்பத்தில் பிறந்த கவிஞர், நெற்றிக்குறி என்னும் இவ்விடத்தை வாசித்தபோது அது அவருக்கு அயலாகத் தோன்றியிருக்காது.

கிருட்டிணபிள்ளைக்கு இன்னும் நெருக்கமான மரபு திருமாலையில் உள்ளது. தொண்டரடிப்பொடியாழ்வார் அதன் முப்பத்துநான்காம் பாசுரத்தில், உணர்வு சிறிதுமின்றித் தொண்டர்க்குரிய கோலத்தை மட்டும் பூண்ட கள்ளன் என்று தம்மையே சொல்லிக்கொள்கிறார். நினைப்பவற்றையெல்லாம் உடனிருந்து அறிபவன் இறைவன் என்பது உறைத்ததும், நாணி, விலா நோகத் தமக்குள்ளே சிரிக்கிறார். மணிவாசகர் திருச்சதகத்தில், அடியார்போல் நடித்து அவர்கள் நடுவே வீட்டுக்குள் புகுந்துவிட விரைவதாக ஒப்புக்கொள்கிறார். மதிலேறிக் குதித்தவர்களின் செயலும் இதுவே. அவர்கள் வழக்கத்தைச் சான்று காட்டி வாதிடுகின்றனர்; மணிவாசகர் தம்மைக் காட்டிக்கொடுத்துவிட்டு, இடையறாத அன்பைக் கேட்கிறார். பனியன் தன்வரலாற்றில் தம்மைக் குற்றஞ்சாட்டியவர் எனினும், உருவகக் கதையில் போலியைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டு, பயணிக்கு எதிரே நிறுத்திவிடுகிறார். தமிழ்ப் பக்திப்பாடலில் நடிகனும் பக்தனும் ஒரே ஆள்.

விருத்தத்தின் இடர்

காப்பியமாக்கும்போது கிருட்டிணபிள்ளை இழந்தது சிறிதன்று. பனியனின் போலிகள் பேச்சினால் அடையாளப்படுபவர்கள். சந்தையிலும் வழிப்போக்கிலும் கேட்ட குரல்கள் அவை. ஆதாயம் தேடுபவனின் வழுக்கலான பதில்களில் ஒரு முழு நகரத்தின் மனப்போக்கு தெரியும். செம்மாந்த விருத்தம் இக்குரல்களைச் சமன்படுத்திவிடுகிறது. எல்லாரும் அழகிய தமிழ் பேசும் உலகில் வாயாடியை வாயால் இனங்காண வழியில்லை. சாமுவேல் பவுலின் உரைநடை மொழிபெயர்ப்பான மோட்சப் பிரயாணம் பொதுவாசகரிடையே பரவியதற்கு எளிமை மட்டுமே காரணமென்று கூறுவது போதாது. அங்கே பொய்யர் பொய்யராகவே பேச முடிகிறது. வெறும் வடிவத்தைக் கண்டிக்கும் ஒரு கதை, வடிவ ஒழுங்கே உயிரான ஓர் இலக்கிய வகைக்குள் புகும்போது நேரும் இடர் இது. படலத்துக்குப் படலம் மரபு வருணனைகளை நிறைவேற்றும் சில பகுதிகளில் காப்பியமே ஆசாரவாதியின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இழப்பு இரண்டு இடங்களில் ஈடுசெய்யப்படுகிறது. கதையினிடையே தேவாரம் என்னும் பெயரில் வரும் இசைப்பாடல்கள் ஒன்று. பெயரே சைவத்திலிருந்து எடுத்தது. பாடும் முறையோ ஆழ்வாரும் நாயன்மாரும் பயின்றது. கதையில் எதிரே நின்ற போலி இங்கே பாடுபவனின் நெஞ்சுக்குள் வந்துவிடுகிறான். பாவி என்று முறையிடும் குரலுக்கு, பிறரைச் சுட்டிச் சிரிக்க நேரமில்லை. இவற்றைக் கதையோட்டத்தைத் தடுக்கும் செருகல்களாகக் கருதுவது பொருந்தாது. உருவகம் செய்ய இயலாததை இவையே செய்கின்றன.

மற்றொன்று குமார பருவத்து இரட்சணிய சரிதப் படலம். இயேசுவின் பாடுகளை விரிக்கும் இப்பகுதிக்குப் பனியனிடம் நேரிணை இல்லை. அங்கே சிலுவை ஒரு பத்தியில் முடிந்துவிடும். படைவீரர் இயேசுவின் உடையைக் களைந்து, செந்நிற அங்கி போர்த்தி, முள்முடி சூட்டி நகைக்கின்றனர். நற்செய்தி நூல்களில் அவர்கள் முழந்தாளிட்டு, யூதருடைய ராஜாவே வாழ்க என்று வாழ்த்தும் செய்கின்றனர். வழிபாட்டுக்குரிய உடை, முடி, கோல், மண்டியிடுதல், வாழ்த்து ஒன்றும் குறையவில்லை. சொல்லப்பட்டது மெய்யும்கூட. முத்தநாதன் காதையில் பொய்யன்மேல் மெய்வேடம் இருந்தது. இங்கே மெய்யன்மேல் பொய்வேடம் ஏற்றப்படுகிறது. கட்டிய கயிற்றை அறுத்து வெளியேற வல்லவர், தம்மைத் துன்புறுத்துவோர்மேல் கொண்ட அன்பினால் கட்டுண்டு நின்றார் என்று கிருட்டிணபிள்ளை பாடுகிறார். அந்நகைப்பின் நடுவே அவர் வாய் திறக்கவில்லை.