காற்றுக்குத் திறந்த சுவர்

புதுச்சேரியில் பழைய வீடு ஒன்று விலைக்கு வந்தால் தரகர் முதலில் எடுத்துச் சொல்வது முற்றத்தையும் மெட்ராஸ் டெரஸ் கூரையையும்தான். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் உயர்ந்த மதில், வளைவு வாசல், மஞ்சள் பூச்சு. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே திண்ணை, தாழ்வாரம், மரத்தூண். இந்த இரண்டு குடும்பத்திலும் சேராத ஒரு கட்டடம் அரவிந்தர் ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி மரங்களுக்குள் நிற்கிறது. கோல்கொண்ட் என்று பெயர். ஆசிரமவாசிகள் தங்குவதற்காக 1937இல் கட்டத் தொடங்கிய விடுதி.

பழைய கட்டடங்களைத் தேடுவது வேறு ஊர்களிலும் உண்டு. நியூயார்க்கில் இரண்டாம் உலகப் போருக்கு முன் எழுந்த அடுக்ககங்களுக்குத் தனி மவுசு. தடித்த சுவர், உயர்ந்த கூரை, கைவேலை தெரியும் மரத்தளம் என்று தேடிப் போய் வாங்குவார்கள். அவற்றில் பல கூட்டுறவு முறையில் நடப்பவை. கட்டடத்தை வைத்திருக்கும் அமைப்பின் பங்குகளைத்தான் பணம் கொடுப்பவர் வாங்குகிறார். குடியிருப்போர் குழு நேரில் பேசிப் பார்த்துச் சம்மதித்தால்தான் பெட்டி படுக்கையோடு உள்ளே வரலாம். அந்த வரிசையில் வைத்துப் பார்க்க நம் பக்கம் ஒரு கட்டடம் உண்டென்றால் அது கோல்கொண்ட்தான். பங்கு, பத்திரம் எதுவும் இங்கே கிடையாது. தங்குபவருக்கு ஓர் அறை கிடைக்கும். அந்த அறையைப் பேணும் பொறுப்பும் கூடவே வரும்.

ஒரு ஊருக்குள் இத்தனை தேசங்கள் கூடிக் கட்டிய கட்டடம் வேறு இருக்குமா என்பது சந்தேகம். ஆசிரமத்தின் அன்னை என அறியப்படும் மிர்ரா அல்ஃபாசா பாரீசில் பிறந்தவர், ஜப்பானில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர். பவித்ரா என்ற பெயரில் ஆசிரமத்தில் இருந்த பிரெஞ்சுப் பொறியாளர் பிலிப் பார்பியே செந்திலேரும் ஜப்பானில் இருந்தவரே. அங்கே அவருக்குப் பழக்கமானவர் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட். செக் நாட்டில் பிறந்து அமெரிக்கரான ரேமண்ட், பிராங்க் லாய்ட் ரைட்டின் இம்பீரியல் ஓட்டல் வேலைக்காக டோக்கியோ போய், பிறகு அங்கேயே தனி அலுவலகம் போட்டவர். அந்தப் பழக்கத்தில்தான் விடுதிக்கு வரைபடம் போடும் பொறுப்பு அவரிடம் போனது. ஹைதராபாத் சமஸ்தானத்தின் திவான் சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் ஒரு லட்சம் ரூபாய் கிடைத்தது. அந்த நன்றிக்காகக் கோல்கொண்டா கோட்டையின் பெயர் பிரெஞ்சு உச்சரிப்போடு கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது.

களத்தில் நின்றவர்கள் ரேமண்டின் அலுவலகத்தைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள். ஒருவர் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான ஜார்ஜ் நகஷிமா. இன்னொருவர் பிரான்டிஷெக் சம்மர். பாரீசில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேவிடம் வேலை பார்த்து, மாஸ்கோ வழியாக டோக்கியோ போனவர். நகஷிமா புதுச்சேரிக்கு வந்ததும் சம்பளம் வேண்டாமென்று சொல்லி ஆசிரமத்திலேயே சேர்ந்துவிட்டார். சுந்தரானந்தா என்று பெயரும் பெற்றார்.

கட்டடத்தின் உயிர் அதன் சுவரில் இருக்கிறது. சரியாகச் சொன்னால், சுவர் இல்லாத இடத்தில் இருக்கிறது. நீளவாட்டுப் பக்கங்கள் இரண்டும் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. குறுகிய பக்கங்கள்தான் கிழக்கும் மேற்கும். பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 12 பாகை தள்ளியுள்ள ஊரில் இதைவிடப் புத்திசாலித்தனமான முடிவு இல்லை. காலையிலும் மாலையிலும் சாய்ந்து அடிக்கும் வெயிலை எந்தச் சன்ஷேடும் தடுக்காது. தெற்கு வெயிலோ தலைக்கு மேலே இருந்து வருவது. சின்ன மறைப்பு போதும். அந்த மறைப்பாகத்தான் இரண்டு நீளப் பக்கங்களிலும் தரையிலிருந்து கூரை வரை ஆஸ்பெஸ்டாஸ் சிமென்டால் ஆன லூவர் பலகைகள் படுக்கைவாட்டில் அடுக்கப்பட்டிருக்கின்றன. கண்ணாடி ஜன்னல் தேவைப்படவே இல்லை. பலகைகளைக் கையால் திருப்பிக்கொள்ளலாம். சாய்த்தால் வெயில் நிற்கும், காற்று நிற்காது. ஐப்பசி மழை சாரலோடு அடிக்கும்போது முழுக்க மூடிவிடலாம். ஆஸ்பெஸ்டாஸ் உடலுக்குக் கெடுதல் என்பது இன்றைக்குத் தெரியும். ஆனால் அந்த யோசனைக்கு வயதாகவில்லை.

லூவர் வழியே வந்த காற்று அறைக்குள் வந்து முடங்கிவிடக் கூடாது. அதனால் அறைகள் ஒரே வரிசை. ஒரு பக்கம் தோட்டம், மறுபக்கம் நடை. அறைக்கும் நடைக்கும் நடுவே தேக்குச் சட்டங்களை இடைவெளி விட்டுக் கோத்த நகரும் கதவு. சாத்தினாலும் அதன் இடுக்குகள் வழியே காற்று போய்க்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவர் வெளியே தெரிய மாட்டார். தனிமையையும் காற்றோட்டத்தையும் ஒரே கதவில் சமாளித்த இந்தத் தச்சு வேலைதான் கட்டடத்திலேயே மிக அழகானது. கூரையிலும் இதே சிந்தனை: தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள், இரண்டுக்கும் நடுவில் காற்று போக இடம். சித்திரை வெயில் ஓட்டோடு நின்றுவிடும். மேல்மாடி அறை கொதிப்பதில்லை.

வெளிப்பக்கத்துக் கான்கிரீட்டுக்குப் பூச்சு இல்லை. உள்ளே நேர்மாறு. அரைத்த கிளிஞ்சலில் செய்த வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு சுவரில் வழுவழுவென்று மின்னும். காலுக்குக் கீழே மெருகேற்றிய கறுப்புக் கடப்பா கல். ஒன்று நம் கொத்தனார்களின் கைக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகியது, இன்னொன்று ஆந்திரத்தின் கடப்பா பக்கமிருந்து வருவது. டோக்கியோவில் வரைந்த கட்டடம் புதுச்சேரிக்காரனாக மாறியது இந்த இடத்தில்தான். கதவுக்கும் லூவருக்கும் வேண்டிய பித்தளைச் சாமான்களை வெளியே வாங்கவில்லை. பக்தர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்தார்கள். குடமாகவும் செம்பாகவும் இருந்தது கைப்பிடியாகிவிட்டது. அறைக்குள் இருக்கும் கட்டில், மேசை, நாற்காலி, அலமாரி எல்லாம் இந்த விடுதிக்கென்றே தேக்கில் செய்தவை.

வேலை செய்தவர்களில் ஆசிரமவாசிகளும் ஏராளம். கட்டடத் தொழிலே தெரியாதவர்கள். ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று தொடக்கத்தில் போட்ட கணக்கோடு பார்த்தால் இது தோல்விதான். போரும் குறுக்கே வந்தது. நகஷிமா 1939இல் கிளம்பினார். சம்மர் 1942இல் பிரிட்டிஷ் படையில் சேரப் போனார். 1940களில்தான் கட்டடம் நிறைவுபெற்றது. ஆனால் அவசரமில்லாத அந்த வேகத்தின் பலன் மூலைமுடுக்கெல்லாம் தெரிகிறது. சட்டங்கள் பொருந்தும் இடத்தில் பிசிறு இல்லை. கான்கிரீட்டை இத்தனை நுணுக்கமாகக் கையாண்ட நவீனக் கட்டடம் இந்தியாவில் அதற்கு முன் இருந்ததாகச் சொல்வது கடினம். லெ கொர்புசியே சண்டிகர் நகரை வடிவமைக்க வந்தது 1951இல்தான்.

நகஷிமாவுக்கு அடுத்து நேர்ந்தது கொடுமை. ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகவே 1942இல் அமெரிக்க அரசு அவரைக் குடும்பத்தோடு ஐடஹோ மாநில முகாமில் அடைத்தது. அங்கே ஜப்பானியத் தச்சர் ஒருவரிடம் மரவேலையைக் கூர்மையாகக் கற்றார். மறு ஆண்டு அவரை வெளியே கொண்டுவரப் பொறுப்பேற்றவர் பழைய முதலாளி ரேமண்ட். பின்னாளில் பென்சில்வேனியாவில் நகஷிமா செய்த மேசைகள் உலகப் புகழ் பெற்றன. அவற்றின் விலையைக் கேட்டு வியப்பவர்களுக்குப் புதுச்சேரித் தேக்கில் அவர் கை பழகிய கதை தெரிந்திருப்பதில்லை.

இத்தனை ஆண்டு உப்புக் காற்றைத் தாங்கி இது நிற்பதற்குக் காரணம் கான்கிரீட் மட்டும் இல்லை. ஆசிரமவாசி மோனா பின்டோ பல பத்தாண்டுகள் இந்த விடுதியை நிர்வகித்தார். தரை துடைப்பதும் பித்தளை துலக்குவதும் அங்கே வழிபாட்டுக்குச் சமமான வேலையாகவே நடந்தது. பொருளுக்கும் உணர்வுண்டு, அதைக் கவனத்தோடு தொட வேண்டும் என்பது அன்னையின் போதனை. அதைக் கேட்டு நடந்த கைகள் இல்லாவிட்டால் லூவர்கள் என்றோ இறுகிப் போயிருக்கும்.

அனுமதியில்லாமல் உள்ளே போக முடியாது. அது இன்றும் ஆட்கள் தங்கும் இடம். புதுச்சேரியில் இப்போது அடுக்ககம் பார்க்கப் போகிறவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியவை சில உண்டு. சதுர அடி விலைக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: பெரிய ஜன்னல்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றன? ஒரு பக்கம் நுழையும் காற்று மறுபக்கம் வெளியேற வழி இருக்கிறதா? மேல்மாடி என்றால், தளத்துக்கு மேல் வெயிலைத் தாங்க இன்னொரு கூரை போட்டிருக்கிறார்களா? மூன்றுக்கும் சரியான பதில் வராவிட்டால், மாதாமாதம் வரப்போகும் ஏசி கரன்ட் பில்லையும் வீட்டு விலையோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டியதுதான்.