கிர்க்குக்: எண்ணெயும் மொழியும்

கிர்க்குக் குழு பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது. 1927 அக்டோபரில் பாபா குர்குரில் எண்ணெய் பீறிட்டது. ஈராக் பெட்ரோலியம் கம்பெனியோடு ஆங்கிலமும், ஆங்கிலத்தோடு நவீன கவிதையும் வந்தன. ஏதோ குழாய் வழியாகக் கவிதை வந்து சேர்ந்தது போல. கம்பெனி இருந்த ஊர்களிலெல்லாம் கவிஞர்கள் முளைத்துவிடவில்லையே.

1957 கணக்கெடுப்பின்படி மாகாணத்தில் குர்து மொழி பேசுவோரே பெருந்தொகை. நகரத்துக்குள் துருக்மானியர் சற்று அதிகம். அரபிகளும் அசிரியர்களும் அதே தெருக்களில். குழுவின் முக்கிய கவிஞரான சர்கோன் பவுலஸ் அசிரியர். வீட்டில் பேசியது அரபி அல்ல. அரபியின் பரம்பரை ஓசை தாலாட்டாகக் காதில் ஏறாத ஒருவருக்கு யாப்பை உதறுவதில் குற்ற உணர்வு குறைவு. இவர்களுடைய வசன கவிதையின் வேரை நான் இங்கேதான் தேடுவேன், கம்பெனி நூலகத்தில் அல்ல.

ஃபாதில் அல்-அஸ்ஸாவியின் 'தேவதூதர்களில் கடைசி' (1992) என்ற நாவல் 1950களின் கிர்க்குக்கில் நடக்கிறது. கம்பெனி வேலையிலிருந்து விரட்டப்பட்ட ஹமீத் நைலான் புரட்சி செய்யக் கிளம்புகிறான். ஒரு சிறுவன் பழைய பெட்டிக்குள் தேவதூதர்களைக் காண்கிறான். மாந்திரீக யதார்த்தம் என்று முத்திரை குத்திவிடலாம். எனக்கு அப்படிப் படவில்லை. ஒரே வம்பை நாலு மொழிகளில் கேட்டு வளர்ந்தவனுக்கு எந்தச் செய்தியும் ஒற்றை உண்மையாக நிற்பதில்லை. நாவலின் சிரிப்பு அதிலிருந்து வருகிறது.

ஆனால் இதே நாவல்தான் என்னைச் சங்கடப்படுத்தவும் செய்கிறது. அதில் குர்தும் துருக்மானியனும் அரபியில் பேசுகிறார்கள். நான் படித்ததோ ஆங்கிலத்தில். அந்தத் தெருவில் ஒரு குர்துத் தாய் பிள்ளையை எந்தச் சொல்லால் அதட்டியிருப்பாள் என்பது எனக்கு இரண்டு மொழிகளுக்கு அப்பால் இருக்கிறது. அஸ்ஸாவியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் சுதந்திரமாக எடுத்துக்கொண்ட அதே அரபியை அரசு வேறு காரியத்துக்குப் பயன்படுத்தியது. 1972இல் கம்பெனி நாட்டுடைமை ஆயிற்று. 1976இல் மாகாணத்தின் பெயரே 'அல்-தஃமீம்' ஆனது. அதன் பொருளும் நாட்டுடைமையாக்கம்தான். குர்துகள் மிகுந்த சம்சமாலும் கலாரும் மாகாணத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டன. குர்துக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. ஊரை அழிக்க ஒரு அகராதிச் சொல் போதுமானதாக இருந்தது. பழைய பெயர் 2006இல்தான் திரும்பியது.

1967இல் ஈராக்கை விட்டு பெய்ரூட் போன சர்கோன், பிறகு சான்ஃபிரான்சிஸ்கோவில் வாழ்ந்து, 2007இல் பெர்லினில் இறந்தார். முதல் தொகுதி 1985இல் வந்தது. தலைப்பு, 'எங்கே என்ற நகரத்துக்கு வந்து சேர்தல்'. இதைத் தலைப்பு விளையாட்டு என்று படிக்க என்னால் முடியவில்லை. அந்த வருஷத்து ஈராக் வரைபடத்தில் கிர்க்குக் என்று ஒரு மாகாணம் கிடையாது.